ட்ரில் மாஸ்டரை ஆசிரியராக்கிய ஹாரி பக்

உடற்கல்வி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

சென்னை நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) மைதானம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சிலர் போட்டிக்குப் போயிருப்பீர்கள், சிலர் புத்தகக் கண்காட்சிக்குப் போயிருப்பீர்கள். அங்கே இருக்கும் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக். உங்கள் வேலைக்கு இந்த நாட்டில் ஒரு படிப்பு இருக்கிறதென்றால் அதற்கு முதல் அடி எடுத்து வைத்தவர்களில் முக்கியமானவர் அவர். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள், எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அவர் 1884இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்தார். எந்தக் கல்லூரி தெரியுமா? 1891 டிசம்பரில், வெளியே பனி, உள்ளே அடைந்து கிடந்து சலித்துப்போன மாணவர்கள், இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை மேலே ஆணியடித்து மாட்டிக் கூடைப்பந்தை உருவாக்கினாரே, அதே இடம். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த அறை, அந்தக் குளிர், அந்தப் பதினெட்டுப் பையன்கள், அவர்களுக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து ஓர் ஆட்டத்தையே செய்தார். பிள்ளைக்கு ஏற்ற ஆட்டத்தைத் தேடுவது ஆசிரியர் வேலை என்ற அந்தப் புத்தி ஊறிய இடத்திலிருந்துதான் பக் 1919இல் சென்னைக்கு வந்தார்.

அப்போது நம் பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் ட்ரில். பல இடங்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்தான் ட்ரில் மாஸ்டர். வரிசையில் நில், இடது வலது, கையைத் தூக்கு, இறக்கு. அவர்கள் மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை, தாங்கள் கற்றதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பத்து வயதுக் குழந்தையின் உடம்பு எப்படி வளர்கிறது, அதற்கு எவ்வளவு ஓட்டம் போதும், பயப்படுகிற பிள்ளையை எப்படி ஆட்டத்துக்குள் கொண்டுவருவது என்றெல்லாம் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பக் அதில்தான் கை வைத்தார். 1920இல், ஒரு சில மாணவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தார். அதுதான் பின்னால் நந்தனம் கல்லூரியாக வளர்ந்தது.

கூடைப்பந்தும் கைப்பந்தும் ஒய்.எம்.சி.ஏ. வழியாக நம் ஊருக்கு வந்த ஆட்டங்கள் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் மேல்நாட்டு ஆட்டம் மட்டும் போதும் என்று பக் இருந்துவிடவில்லை. தண்டால், பஸ்கி மாதிரியான நம் பயிற்சிகளுக்கும் பாடத்தில் இடம் இருந்தது. ஆட்ட விதிகளை ஒரே புத்தகமாகத் தொகுத்தார், உயர்நிலைப் பள்ளிகளுக்கு உடற்கல்விப் பாடத்திட்டம் எழுதினார். விதிப்புத்தகம் என்றால் சாதாரணமாகத் தெரியலாம். மதுரையில் ஒரு அளவு, மங்களூரில் ஒரு அளவு என்று கோடு போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு ஊர்ப் பிள்ளைகள் எதிரெதிரே நின்று ஆடவே முடியாது என்பது களத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர்களுக்குத் தெரியும்.

ஒலிம்பிக் பக்கமும் அவர் உழைப்பு உண்டு. ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த டாக்டர் நோரனோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் மாகாண ஒலிம்பிக் சங்கங்கள் உருவாகப் பாடுபட்டார், 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய தடகள அணியோடு போனார். அந்த அணியில் 110 மீட்டர் தடை ஓட்டம் ஓடிய சி.கே. லட்சுமணன் பின்னாளில் மருத்துவராகி நாட்டின் சுகாதாரத் துறையில் மிக உயர்ந்த பொறுப்புக்கு வந்தார். 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானது.

அப்புறம், 1940இல் அந்தக் கல்லூரியில் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் ஓடக்கூடாது என்று எத்தனையோ வீடுகளில் சொன்ன காலம் அது. இங்கே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தங்கைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த வருஷம்தான் ஞாபகம் வருகிறது. பக் 1943இல் காலமானார்.

நான் படித்த பள்ளியில் விளையாட்டுப் பீரியடைப் பாதி நாள் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். மீதி நாளில் அணிக்குத் தேர்வான பதினோரு பேர் ஆடுவார்கள், நாங்கள் நாற்பது பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். ஒன்பதாம் வகுப்பில் புதிதாக ஒரு பி.டி. மாஸ்டர் வந்தார், முறையாகப் படித்துவிட்டு வந்தவர். முதல் நாளே மரத்தடிக்கு வந்து எங்கள் எல்லோர் பெயரையும் கேட்டார். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையம் செய்து, மைதானத்தை ஆறாகப் பிரித்து, எங்களை ஆறு கூட்டமாக்கினார். அன்றைக்கு மரத்தடி காலியாக இருந்தது.