ரொட்டிப் பீப்பாயின் அடியில் ஒரு சீட்டு

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். நேரம் கொஞ்சம்தான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1629 ஜூன் 4. நம் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வியாபாரம் செய்த அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் புத்தம்புதுக் கப்பல் பட்டேவியா, மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு எதிரே அப்ரோலோஸ் தீவுகளின் பவளப்பாறையில் மோதி உடைந்தது. தப்பிக் கரையேறியவர்களில் 100 பேருக்கு மேல் அடுத்த சில மாதங்களில் கொல்லப்பட்டார்கள். இதற்குப் பெரிய காரணம் கொலை செய்யச் சொன்ன கலகக்காரன் கார்னலிஸா, விட்டுவிட்டுப் போன தலைவர் பெல்சார்ட்டா? தலைவர்தான் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "வீட்டுக்காரர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் வீட்டுக்குள் கொள்ளைக்காரன் புகுந்தால், போலீஸ் வீட்டுக்காரரையா பிடிக்கும்?" என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. நல்ல கேள்வி அண்ணே. சரி, அந்த வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று பார்ப்போமா?

ஒரு தீவில் ஏறக்குறைய 180 பேர். கப்பல் உடைந்த இடத்திலேயே இன்னும் 70 பேர். குடிக்கத் தண்ணீர் இல்லை. பெல்சார்ட்டும் மாலுமிகளும் பக்கத்தில் ஒரு குட்டித் தீவில் இருந்தார்கள். அங்கிருந்துதான் கிளம்பினார்கள். கிளம்பும்போது என்ன செய்தார் தெரியுமா? ஒரு சீட்டு எழுதினார். ஒரு ரொட்டிப் பீப்பாயின் அடியில் வைத்தார். போய்விட்டார்.

அண்ணே, நம் வீட்டில் தண்ணீர் பிடிக்கப் போகிறவர் எப்படிப் போவார்? "ஏம்மா, குழாயடிக்குப் போயிட்டு வர்றேன், கதவைச் சாத்திக்கோ" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுவார். இவர் சீட்டு வைத்தார். எங்கே? மக்கள் இருக்கிற தீவிலா? இல்லை, பக்கத்துத் தீவில்! அந்தச் சீட்டைப் போய் எடுக்க ஒரு படகு வேண்டாமா? இருந்த படகு இரண்டு. இரண்டையும் அவர்களே கொண்டுபோய்விட்டார்கள். இன்னொரு தடவை சொல்கிறேன் நடுவர் அவர்களே, மனசு ஆறவில்லை. சீட்டு இந்தத் தீவில், ஜனங்கள் அந்தத் தீவில், நடுவே கடல், கையில் படகு இல்லை. எந்த ஊரில் அண்ணே இப்படித் தண்ணீர் பிடிக்கப் போவார்கள்?

பெல்சார்ட்டுக்கு ஈரமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பீப்பாய் தண்ணீரோடு அந்த மக்களிடம் போகத்தான் பார்த்தார். கரையில் இறங்கினால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று மாலுமிகள் படகைத் திருப்பிவிட்டார்கள். தலைவர் பேச்சு எடுபடவில்லை, அவரும் அவர்களோடு போய்விட்டார். ஆஸ்திரேலியக் கரையில் தண்ணீர் தேடினார், போதுமான அளவு கிடைக்கவில்லை. அப்படியே ஜாவாவுக்குப் படகை விட்டார். அது ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். படகில் இருந்த 48 பேரையும் உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தார், அந்தத் திறமைக்கு என் கைதட்டல் உண்டு. ஆனால் மீட்புக் கப்பலோடு அவர் திரும்பி வந்தது செப்டம்பர் 17. கப்பல் உடைந்து 105 நாள்!

அவர் கிளம்பியபோது கார்னலிஸ் தீவிலேயே இல்லை அண்ணே. உடைந்த கப்பலில் தொங்கிக்கொண்டிருந்தான். சில நாள் கழித்துத்தான் கரைக்கு வந்தான். வந்து பார்த்தால் தலைவர் நாற்காலி காலி. அடுத்த பெரிய அதிகாரி அவன்தான். ஜனங்களே அவனை உட்கார வைத்தார்கள். அண்ணன் சொன்ன கொள்ளைக்காரன் பூட்டை உடைத்து வரவில்லை, கதவு திறந்து கிடந்தது.

தலைவர் கிளம்பிய அந்தக் குட்டித் தீவுக்கு, தப்பியவர்கள் வைத்த பெயர் 'துரோகிகள் தீவு'. பெயர் வைத்தது நானில்லை. தாகத்தில் நாக்கு வறண்டு, கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் வைத்த பெயர் அது.

பதவியே இல்லாத ஒரு சாதாரணச் சிப்பாய், வீபே ஹேய்ஸ். தண்ணீர் தேடச் சொல்லி, ஆயுதம்கூடக் கொடுக்காமல், அவனையும் சிலரையும் வேறொரு தீவில் இறக்கிவிட்டான் கார்னலிஸ். அவர்கள் தண்ணீர் கண்டுபிடித்து, புகை போட்டு அடையாளம் காட்டினார்கள். யாரும் வரவில்லை. கொலைக்குத் தப்பி வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு, கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, ஹேய்ஸ் கடைசிவரை கூடவே நின்றான். அந்தச் சுவர் இன்றைக்கும் அங்கே நிற்கிறது.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். கப்பலில் ஒரு பாதிரியார் குடும்பத்தோடு வந்தார். ஜூலை 21 இரவு அவரையும் மூத்த மகளையும் கலகக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர்கள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்க, இங்கே கூடாரத்தில் மனைவியும் ஆறு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அந்த அப்பா அழுதார். அழக்கூடாது, வாயை மூடு, இல்லையென்றால் உனக்கும் அதே கதிதான் என்றார்கள்.

நடுவர் அவர்களே, நானும் பிள்ளைகள் பெற்றவன். இதைப் படித்த ராத்திரி எழுந்து போய்த் தூங்குகிற என் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த அப்பா அன்றைக்குக் கடல் பக்கம் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருப்பார்? ஒரு பாய் தெரிகிறதா, ஒரு படகு தெரிகிறதா என்று... அங்கே, பக்கத்துத் தீவில், அந்த ரொட்டிப் பீப்பாய் மட்டும்தான் இருந்தது.

தீர்ப்பு உங்களுடையது. வணக்கம்.