மடைக்குக் காவல் யார்?

(மேலூர் வட்டாரத்தில் நடந்த விவசாயிகள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அம்மாமார்களே, பின்னால் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

இந்தப் பக்கம் மைக் பிடிக்கிற யாரும் டங்ஸ்டனைத் தொடாமல் பேச முடியாது. நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி சுரங்கத்துக்காக ஏலம் போன செய்தி வந்தது. மொத்தம் 2,015 ஹெக்டேர், அதாவது ஐயாயிரம் ஏக்கருக்குச் சற்றே குறைவு. அரிட்டாபட்டி, கிடாரிப்பட்டி, வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி என்று ஊர் ஊராகத் திரண்டீர்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டீர்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியில் கிளம்பி மதுரை வரைக்கும் போனீர்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்து என்று டெல்லியில் இருந்து அறிவிப்பு வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏலம் விட்ட இடத்துக்குள்ளேதான் அரிட்டாபட்டி பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமும் இருந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலாவதாக அறிவிக்கப்பட்ட தலம் அது, 193 ஹெக்டேர் சொச்சம். அரசிதழில் பெயர் ஏறி, பலகை வைத்து, இரண்டு வருஷத்துக்குள் ஏலம். ஆகவே பலகை நிலத்தைக் காப்பாற்றும் என்று தயவுசெய்து நம்பிவிடாதீர்கள். காப்பாற்றியது நீங்கள்தான்.

சரி, இப்போது உங்களுக்குப் பிடிக்காத பேச்சுக்கு வருகிறேன். போராட்டத்தின்போது எல்லா மேடையிலும் ஒரு கணக்குச் சொன்னோம்: 72 கண்மாய் (பாசன ஏரி), 200 சுனை, 3 தடுப்பணை. அரசே சொன்ன கணக்குத்தான். சுரங்கம் வந்தால் இத்தனையும் போய்விடும் என்றோம். உண்மை. ஆனால் சுரங்கம் வராமலேயே இதில் எத்தனை போய்க்கொண்டிருக்கிறது? எத்தனை கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இன்றைக்கு வாய்க்கால் என்று அடையாளம் சொல்லும்படி இருக்கிறது? வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடையில் எத்தனையில் ஷட்டர் ஏறி இறங்குகிறது? நிறைந்த தண்ணீர் வழிகிற கலுங்குக்குக் கீழே மறுகால் ஓடுகிற பாதையில் யார் யார் வேலி போட்டிருக்கிறார்கள்? பெயர் சொல்ல மாட்டேன், கவலைப்படாதீர்கள். நீங்களே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊர்களின் நிலம் எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மழை பாறையில் விழுகிறது. பாறை குடிக்காது. இடுக்கில் கொஞ்சம் சுனையாகத் தங்கும், மீதி சரிந்து மேல்கண்மாய்க்கு வரும். அது நிறைந்து கலுங்கு பாய்ந்தால் அடுத்த கண்மாய், அது நிறைந்தால் அதற்கும் அடுத்தது. மேலே ஒருவர் வரத்துக்காலை அடைத்தால் கீழே நாலாவது ஊரில் நாற்றங்கால் காயும். இதில் மலை அரசு நிலம், கண்மாய் பொது நிலம், வரத்துக்கால் புறம்போக்கு. பட்டா நிலம் கடைசியில்தான் வருகிறது. உங்கள் வயலின் விளைச்சலைத் தீர்மானிப்பது உங்கள் பெயரில் இல்லாத நிலம். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். இயற்கை விவசாயம் என்று நாம் பேசுவதெல்லாம் வரப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இன்ன கரைசல், இன்ன விதை என்கிறோம். வரப்புக்கு வெளியே இருக்கும் நிலத்தைக் கவனிக்காமல் உள்ளே எதை ஊற்றினாலும் நிலைக்காது.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம்? முன்பு மடைக்கு ஓர் ஆள் இருந்தார். சில ஊரில் நீர்க்கட்டி, சில ஊரில் மடையான், தெற்கே மடைக்குடும்பன். தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது அவர் பொறுப்பு. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்து கொடுத்துவிடுவார்கள். வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள். இதைச் சட்டம் போட்டு வாங்க வெள்ளைக்காரன் 1858இலேயே ஒரு கட்டாய வேலைச் சட்டம் கொண்டுவந்தான். சட்டத்தால் மண்வெட்டியைத் தூக்க வைக்க முடியவில்லை. ஊர்க்கட்டு இருந்த இடத்தில் வேலை நடந்தது, இல்லாத இடத்தில் நடக்கவில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பழைய ஏற்பாட்டில் மடையில் இறங்கியவர் பெரும்பாலும் ஒரு சாதி, கரையில் நின்று கணக்குப் பார்த்தவர் வேறு சாதி. அதை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கொண்டுவரவும் கூடாது.

அப்புறம் மோட்டார் வந்தது, போர்வெல் வந்தது, மின்சாரமும் இலவசமாக வந்தது. தண்ணீர் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்ட பிறகு கண்மாய்க்கு யார் போவார்கள்? கண்மாய் பாயும் வயல்பரப்பான ஆயக்கட்டில் பத்துப் பேர் போர் போட்டதும் அந்தப் பத்துப் பேர் வரத்துக்கால் வெட்ட வருவதை நிறுத்தினார்கள். மீதிப் பேர், ‘அவன் வரலையே, நான் மட்டும் எதுக்கு?’ என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், கண்மாய் நிறையாமல் போன ஊரில்தான் போரும் முதலில் வற்றுகிறது. அந்தப் பத்துப் பேரும் கண்மாய்த் தண்ணீரைத்தான் இறைத்துக்கொண்டிருந்தார்கள். பூமிக்கு அடியில் போய் வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

ஊராரே கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து என்று 2017இல் அரசு மறுபடி பணம் ஒதுக்கியது. நல்ல பெயர். ஆனால் பல ஊர்களில் சங்கம் காகிதத்தில் இருந்தது, வேலையை ஒப்பந்தக்காரர் செய்தார். ஜேசிபி வந்தது, கரை உயர்ந்தது, போட்டோ எடுத்தார்கள். வரத்துக்கால் அப்படியே கிடந்தது. கரை எத்தனை அடி உயர்ந்தால் என்ன, தண்ணீர் வந்து சேர வழி வேண்டாமா?

ஆனால் ஊர் கூடுவதே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. பங்குனி, சித்திரையில் உங்கள் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே கரை முழுக்க ஆள். யார் கையிலும் ஊத்தா என்கிற மீன்கூடை, வலை, இல்லாவிட்டால் ஒரு பழைய சேலையாவது. பெரியவர் துண்டை எடுத்து வீசுகிற வரைக்கும் ஒருவரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. வீசிய மறு நொடி கண்மாயே கலங்கிவிடும். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி, கிடைத்தது எதுவோ அது. விற்கக் கூடாது, வீட்டில்தான் குழம்பு வைக்க வேண்டும். ஊர் பேர் தெரியாதவன் இறங்கினாலும் தடுக்க மாட்டீர்கள். ஆயிரக்கணக்கான பேரை ஒரு துண்டு கட்டுப்படுத்துகிறது! அந்தத் துண்டை ஆவணியில் ஒருநாள் வரத்துக்காலில் வீசக் கூடாதா?

எங்கள் சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். வேட்டங்குடிக் கண்மாய்க்கு வருகிற பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகள் கேட்டால் இனிப்பு. வேடந்தாங்கலில் 1798இலேயே கலெக்டரிடம் போய் ‘எங்கள் பறவையைச் சுடக் கூடாது’ என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். பறவை மேல் பாசம் மட்டும் காரணமில்லை. எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரம். பொது இடத்தைக் காப்பதில் தனக்கும் லாபம் இருக்கிறது என்று தெரிந்த ஊர் அதை விடாது.

உரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெரியாற்றுப் பாசனத்தில் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்கு அப்புறம் மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கரும் ஒருபோகம். ஒருபோகம் என்றால் தை, மாசியில் அறுத்த வயல் ஆவணி, புரட்டாசி வரை சும்மா கிடக்கிறது. இதைக் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். அறுத்த ஈரத்தில் பசுந்தாள் உரச் செடியான கொழிஞ்சியை விதைத்துவிட்டுப் போங்கள். வறட்சி தாங்கும், ஆடு மாடு வாய் வைக்காது, வேலி வேண்டாம். தண்ணீர் வந்ததும் மடக்கி உழுதால் யூரியா மூட்டை குறையும். கொழிஞ்சி இல்லையென்றால் தக்கைப்பூண்டு. பூ எடுக்கும்போது மடக்க வேண்டும், தண்டு முற்றிவிட்டால் மட்காது. அப்புறம் கிடை, அதாவது சாணத்துக்காக மாடுகளை இரவில் வயலில் அடைப்பது. புலிக்குளம் மாட்டுக்கிடை ஒரு வாரம் வயலில் கிடந்தால் போதும், அந்த போகம் பயிரின் நிறமே வேறு. ஆனால் கிடைக்காரர் பகலில் எங்கே மேய்ப்பார்? மலையடிவாரத்தில், மந்தையில், கண்மாய் உள்வாயில். அங்கெல்லாம் சீமைக்கருவேலம் மண்டி, மிச்சத்தை ஆக்கிரமித்தும் விட்டால் மாடு வராது, சாணமும் வராது. மறுபடி பொது நிலத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

கண்மாய் வண்டலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்போது வட்டாட்சியர் அனுமதியிலேயே எடுக்கலாம், நல்லதுதான். ஆனால் கண்மாயைச் சீராக வழித்து எடுக்க வேண்டும். கரையை ஒட்டி ஆளுயரப் பள்ளம் தோண்டி, லாரியில் ஏற்றிச் செங்கல் சூளைக்கு அனுப்பினால் அதற்குப் பெயர் தூர்வாருதல் இல்லை. குளிக்கப் போன பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில் போன கதை எந்த மாவட்டத்திலும் கிடைக்கும்.

எழுந்து கேட்கிறார் அண்ணன், ‘இதுக்கெல்லாம் காசு?’ என்று. நியாயமான கேள்வி. சில ஊரில் கண்மாய் மீனைக் குத்தகைக்கு விட்ட பாட்டக் காசு முழுக்கத் திருவிழாவுக்குப் போகிறது. அதில் நாலில் ஒரு பங்கை மடைக்கு ஒதுக்குங்கள். சாமி கோபிக்காது. ஆயக்கட்டில் ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று வையுங்கள். போர் வைத்திருப்பவர் ஒன்றரைப் பங்கு கொடுக்கட்டும், அவர்தான் கோடையிலும் இறைக்கிறார். மடை பார்க்க ஒருவருக்குச் சம்பளம் போடுங்கள், எந்தத் தெருக்காரராகவும் இருக்கட்டும், ஆணோ பெண்ணோ. தீர்மானத்துக்கு ஆகஸ்ட் 15 கிராம சபை இருக்கிறது. சுரங்கத்துக்கு எதிராகக் கையெழுத்துப் போட்ட அதே நோட்டில் வரத்துக்காலின் நீள அகலம், எல்லை, ஆக்கிரமிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். பல்லுயிர் மேலாண்மைக் குழு ஊராட்சி தோறும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊரில் உறுப்பினர் யார் என்று கேளுங்கள். அவருக்கே தெரியாமல் அவர் பெயர் இருக்கலாம்.

நேரமாகிவிட்டது, சாப்பாட்டு வாசனை வருகிறது. சர்வே வரைபடம் கொண்டுவந்திருப்பவர்கள் மட்டும் சாப்பிட்டுவிட்டு இந்த முன் வரிசைக்கு வாருங்கள். மேல்கண்மாய் வரத்துக்காலில் இருந்து ஆரம்பிப்போம்.