பத்துப் புத்தகம் சொல்லுங்கள் என்றால் என்ன சொல்வது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. கேள்வியை அப்படியே வாசித்துவிடுகிறேன்.

"ஐயா, எங்கள் அலுவலகத்தில் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். எனக்கு ரொம்பப் பிடித்த பத்து நாவல்களைப் பட்டியல் போட்டு அதில் அனுப்பினேன். எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது, ஒருவர்கூட ஒன்றையும் எடுத்துப் படிக்கவில்லை. என் பட்டியலில் ஏதாவது கோளாறா? நீங்களே ஒரு பத்துப் புத்தகம் சொல்லிவிடுங்கள். உங்கள் பெயரைச் சொல்லி அனுப்பினாலாவது படிக்கிறார்களா பார்ப்போம்."

பட்டியலையும் கூடவே அனுப்பியிருக்கிறார். நல்ல பட்டியல். அதிலிருந்து எதையும் நீக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. என் பெயரைப் போட்டு அனுப்பினாலும் கைதட்டல் படம் இன்னும் நாலு கூடுமே தவிர, புத்தகம் அலமாரியை விட்டு இறங்காது. ஏனென்றால் அந்தப் பட்டியல் யாருக்கும் எழுதப்பட்டதில்லை. குழுவில் இருக்கிற எல்லோருக்கும் பொதுவாகப் போட்டதால் ஒருவரும் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை.

தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆளைக் கேளுங்கள், அப்புறம் புத்தகத்தைச் சொல்லுங்கள். சிறுவர் புத்தகங்கள் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், புத்தகக் காட்சிக்குப் போவது பற்றிப் பேசியபோதும் சொன்னேன். இன்னும் பத்துத் தடவை சொல்ல வேண்டி வந்தாலும் சொல்வேன்.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931-இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். நூலக வேலைக்குப் படித்த எல்லோரும் பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்திருப்போம். எனக்கு அதன் அருமை புரிந்தது மேசையில் உட்கார்ந்து புத்தகம் கொடுத்து வாங்க ஆரம்பித்த பிறகுதான்.

நான் கிளை நூலகராக இருந்த ஓர் ஊரில், நூலகத்துக்கு எதிரே ஒரு தையல் கடை. கடைக்காரர் தினமும் மத்தியானம் பேப்பர் படிக்க வருவார். புத்தக அலமாரிப் பக்கம் திரும்ப மாட்டார். "அதெல்லாம் படிச்சவங்களுக்கு சார்" என்பார். ஒருநாள் அவரிடம், கடைசியாக ராத்திரி தூக்கத்தை விட்டுவிட்டு எதைப் படித்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சத்தோடு, பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவல் ஒன்றைச் சொன்னார். சரி, அதில் எந்த இடம் பிடித்தது என்று கேட்டேன். "ஆள் தப்பிச்சு ஓடுறான் சார், எங்க போவான், என்ன சாப்பிடுவான்னு மனசு அடிச்சுக்குது" என்றார்.

அவர் சொன்ன பதிலுக்குள்ளேயே புத்தகம் இருந்தது. பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக் கொடுத்தேன். 1982-இல் வந்த நாவல். 'அசுரன்' படம் வந்த பிறகு நிறையப் பேருக்குத் தெரியும். நான் சொல்வது அதற்கு வெகுகாலம் முன்பு. சிதம்பரம் என்கிற பையன் ஒரு கொலையைச் செய்துவிட்டு இருட்டில் ஓடுவதில் கதை தொடங்குகிறது. அப்பாவும் மகனும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகிறார்கள். எங்கே தூங்குவது, எதை வைத்துப் பொங்குவது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று நாவல் முழுக்க அந்தக் கவலைதான். கரிசல் இலக்கியம், யதார்த்தவாதம், முக்கியமான படைப்பு என்றெல்லாம் அவரிடம் நான் சொல்லவில்லை. "இதிலும் ஒருத்தன் ஓடுகிறான், அவன் என்ன சாப்பிட்டான் என்றுகூட எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பக் கொண்டுவந்தபோது அவர் கொலையைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்த அப்பன் புள்ளைய விட்டுக்கொடுக்கவே இல்ல பாருங்க சார்" என்று அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார். அப்புறம், "எனக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சு" என்றார். தையல்காரர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டதில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று அவரே கேட்டு, 1979-இல் வந்த 'பிறகு' நாவலையும் வாங்கிக்கொண்டு போனார். பட்டியலில் இரண்டாவது புத்தகம் அப்படித்தான் வர வேண்டும். முதல் புத்தகம் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வர வேண்டும்.

ஆகவே, ஒட்டன்சத்திரத்து நண்பரே, உங்கள் குழுவில் இருப்பவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, கடைசியாக விடாமல் படித்து முடித்தது எது. இன்னொன்று இதைவிட முக்கியம்: பாதியில் விட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள்.

இரண்டாவது கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தவை பஸ் டிக்கெட்டுகள். திரும்பி வரும் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் ஒரு டிக்கெட் இருக்கும், அல்லது ஒரு மருந்துச் சீட்டு, கோயில் திருநீற்றுப் பொட்டலத்தின் காகிதம். அங்கேதான் அந்த வாசகர் நின்றுவிட்டார் என்று அர்த்தம். ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் டிக்கெட் எப்போதும் ஆரம்பப் பக்கங்களிலேயே கிடக்கும். எனக்கு மனசு ஆறாது. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதில் மெடானுக்குப் பிழைக்கப் போய், திரும்பிவந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்த மனிதர், எழுதியது இரண்டே நாவல். அதில் இது இரண்டாம் உலகப் போர்க் காலத்து இந்தோனேசியாவையும் மலேயாவையும் தமிழில் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிற புத்தகம். ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழையும் காட்சியோடு ஆரம்பிக்கிறது. ஊர்ப் பெயரும் தெருப் பெயரும் மலாய்ச் சொல்லும் சீனச் சொல்லுமாகக் கொட்டும். வாசகர் மிரண்டு போய் டிக்கெட்டைச் செருகிவிடுகிறார்.

பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அப்புறம் அந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஊர்ப் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ள முயல வேண்டாம், பாண்டியன் என்கிறவனை மட்டும் விடாமல் பின்தொடருங்கள், வெளிநாட்டுத் தெருவில் நடந்துகொண்டே அவன் மதுரையை நினைக்கிற இடம் வரும், அது வந்த பிறகு புத்தகமே உங்களை இழுத்துக்கொண்டு போகும் என்று. இந்த நாலு வரியைச் சொல்லாமல் 'தமிழின் தலைசிறந்த நாவல்' என்று நீட்டினால் பாரம்தான் கூடும். அந்தப் பாரத்தோடு ஆரம்பிக்கிறவர் மிரளும்போது, நமக்குப் புத்தி போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார். ஒரு வாசகருக்கு அப்படித் தோன்ற நாம் காரணமாக இருக்கக் கூடாது. இதில் நான் கண்டிப்பானவன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மகளுக்குப் புத்தகம் எடுக்க மட்டும் வருகிற ஓர் அம்மா. தனக்கென்று ஒன்றும் எடுக்க மாட்டார், நேரம் இல்லை என்பார். அவருக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' கொடுத்தேன். சின்னப் புத்தகம், பையில் போட்டால் தெரியாது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் டீச்சரம்மா, குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற தெரு. டீச்சரம்மா தன் வாழ்க்கையை ஜமுனாவிடம் சொல்கிற ஓர் இடம் இருக்கிறது. குரலே உயராது, படிக்கிற நமக்கு நெஞ்சு அடைக்கும். அந்த அம்மா புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து மேசையில் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார். அடுத்த முறை வந்தபோது அவருக்கென்றே ஓர் உறுப்பினர் அட்டை கேட்டார்.

சரி, இதெல்லாம் என் மேசையில் நடந்தது. தமிழிலேயே பெரிய பரிந்துரை எது தெரியுமா? அதையும் முன்பு ஒரு பேச்சில் தொட்டிருக்கிறேன். அன்றைக்கு நேரமில்லாமல் போனது, இன்று கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1880, கும்பகோணம். அங்கே கல்லூரியில் தமிழாசிரியராக அந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறார் உ.வே.சாமிநாதையர். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். ஊருக்குப் புதிதாக முன்சீபாக வந்திருக்கிறார் சேலம் இராமசுவாமி முதலியார். அவரைப் பார்க்கப் போகிறார் ஐயர். முதலியார் என்ன கேட்டார்? யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், உலா, கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் சலனமே இல்லை. கம்பராமாயணம் வரைக்கும் சொல்லிப் பார்க்கிறார், அதற்கும் திருப்தியாகவில்லை. அப்புறம்தான், பழைய நூல்கள் படித்ததுண்டா, சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். இல்லை, புத்தகம் கிடைத்தால் படிப்பேன் என்கிறார் ஐயர். முதலியார் தன்னிடமிருந்த சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைத் தருகிறார். அந்த நூல் அப்போது முழுவதுமாக அச்சில் வந்திருக்கவில்லை.

இதில் கவனியுங்கள். முதலியார் முதலில் ஆளைக் கேட்டார். இவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார், எதைத் தாண்டவில்லை என்று பார்த்துக்கொண்டு, அந்த எல்லைக்கு அடுத்த புத்தகத்தைக் கொடுத்தார். பட்டியல் கொடுக்கவில்லை. புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடவும் இல்லை. நீங்கள் படித்துப் பாடம் சொல்லுங்கள், நான் கேட்கிறேன் என்று அவரே கேட்கிற இடத்தில் உட்கார்ந்தார். ஒரு நீதிபதி, இருபத்தைந்து வயது வாத்தியார் முன்னால்!

ஐயருக்குக் கடவுள் வாழ்த்திலேயே தடுமாற்றம். கரைத்துக் குடித்த புராணங்கள் எதுவும் உதவவில்லை. அது சமண நூல். பிறகு அதே கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப் போகிறார். போன வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருக்கிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து முடித்திருக்கிறோம், அதற்குப் பூஜை என்கிறார்கள்! தனக்கு ஒரு பாட்டுப் புரியாமல் தவிக்கிறோமே, பக்கத்துத் தெருவில் அதைப் படித்து முடித்துக் கொண்டாடுகிறார்களே என்று அவருக்கு எப்படி இருந்திருக்கும்! நான் எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மேலே போவேன்.

1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன. இந்தக் கதையெல்லாம் 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். 1942-இல் அவர் காலமாகிவிட்டதால் முற்றுப்பெறாமல் நின்றது. 1950-இல் புத்தகமாக வந்தது. தடிமனைப் பார்த்து நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நான் யாருக்குச் சொன்னாலும் முதலியாரைச் சந்திக்கிற அத்தியாயத்திலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். இவர் யார், எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பிக்கொள்ளலாம். சுயசரிதையை அப்படிப் படிக்கலாமா என்று போன தடவை ஒருவர் கருத்திட்டிருந்தார். தாராளமாகப் படிக்கலாம்.

நண்பர் கேட்டது பத்துப் புத்தகம். அவர் கேட்டிருக்கலாமே என்று நான் ஆசைப்படுகிற கேள்வி வேறு: புத்தகத்தைச் சொன்ன பிறகு நான் என்ன செய்ய வேண்டும்? முதலியார் செய்ததைச் செய்ய வேண்டும். கூட உட்கார வேண்டும். நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான், இருக்கட்டும். அவர் படிக்கிற வாரத்தில் நீங்களும் திரும்பப் படியுங்கள். "படிச்சாச்சா, படிச்சாச்சா" என்று கடன் வசூலிக்கிற குரலில் கேட்காதீர்கள். "ஜமுனா வீட்டு விஷயம் என்ன ஆச்சு, எதுவரைக்கும் வந்திருக்கீங்க" என்று டீக்கடையில் கேளுங்கள். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்துக்கு வக்காலத்து வாங்காமல், எந்த இடத்தில் பிடிக்காமல் போனது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிலில் அவருக்கான அடுத்த புத்தகம் இருக்கும்.

நண்பர் செய்ய வேண்டியது இது. குழுவில் யாராவது ஒருவரை, ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு கேள்வியையும் கேட்டு, அவர் சொன்ன பதிலை அவர் வார்த்தையிலேயே எனக்கு எழுதி அனுப்புங்கள். உங்கள் பட்டியலில் உள்ள பத்தில் எதை அவருக்கு முதலில் கொடுக்கலாம், எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாம் என்று அடுத்த காணொளியில் பேசுவோம். அடுத்து, தேனியிலிருந்து ஓர் ஆசிரியை, பள்ளி நூலகத்தில் பூட்டி வைத்திருக்கும் அலமாரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அதற்கு வருகிறேன்.