தேவைக்கு மேல் ஒரு வரி

(தருமபுரியில் நூலக வார விழாக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். மனிதர்கள் ஏன் எழுதுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பணம், புகழ், சமூகத்தைத் திருத்தும் ஆசை என்று சில பதில்கள் எப்போதும் கையிருப்பில் இருக்கும். பணத்தை முதலிலேயே ஓரமாக வைத்துவிடலாம். புத்தக விலையில் பத்து சதவீதம் ராயல்டி, சில நூறு பிரதிகள் விற்பனை என்றால் வரும்படி என்னவென்று உங்களுக்கே கணக்குத் தெரியும். புகழ் ஆசை உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எழுதத் தொடங்கிய பிறகு வந்து ஒட்டிக்கொள்வது. பெயர் தெரியாதவர்கள், பெயரே போடாதவர்கள் எழுதியது ஏராளமாக இருக்கிறதே, அவர்களை எது எழுத வைத்தது? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பதில் தேட நம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. தருமபுரி, அரூர், கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் செங்கம் வரைக்கும் நடுகற்கள் நிறைந்த பூமி இது. ஏரிக்கரையில், புளியமரத்தடியில், சோளக்காட்டு வரப்பில் வேடியப்பன் கல் என்று சொல்லிப் பொங்கல் வைக்கிறார்களே, அவற்றில் பலவும் ஆநிரை காக்கப் போய் உயிர் விட்டவனுக்காக நட்ட கற்கள்தான். அவற்றில் இருக்கும் எழுத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், பெயர் என்ன, அப்புறம் "தொறு மீட்டுப் பட்டான்". மாடுகளை மீட்டுச் செத்தான், அவ்வளவுதான். கல்லில் வெட்டுவது சுலபமான வேலை இல்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் உளி பேச வேண்டும். அதனால் தேவையானதை மட்டும் எழுதினார்கள்.

ஆனால் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்த வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி. அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர், அவன் இறந்த செய்தி எல்லாம் வாய்பாட்டின்படி வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகும் எழுத்து நிற்கவில்லை. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று தொடர்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த நாயின் பெயர் நம்மிடம் இருக்கிறது.

யார் கேட்டார்கள் அந்த வரியை? அரசன் கேட்டிருக்க மாட்டான். ஊர் வழக்கமும் கேட்கவில்லை. அந்த இடத்தில் இருந்த யாரோ ஒருவர், நாயை விட்டுவிட்டு எழுதினால் நடந்தது முழுசாக வராது என்று நினைத்திருக்கிறார். நாயின் பெயரை உளிக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். மனிதர்கள் ஏன் எழுதுகிறார்கள் என்று என்னிடம் கேட்டால் நான் அந்த நாயைத்தான் காட்டுவேன்.

நம் தகடூருக்கே, அதாவது பழைய தருமபுரிக்கே வருவோம். அதியமான் நெடுமான் அஞ்சி என்றதும் நெல்லிக்கனி ஞாபகம் வரும், பள்ளிக்கூடத்திலிருந்து அது மனப்பாடம். அவன் இறந்த பிறகு ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 235ஆவது பாட்டாக இருக்கிறது. செத்தவன் அரசன், பாடுபவர் அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். வெற்றிகளை அடுக்கியிருக்கலாம். அந்தப் பாட்டோ எங்கே தொடங்குகிறது தெரியுமா? கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று. இன்னும் சில அடிகள் தள்ளி, நரந்தம் மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்று வருகிறது. தன் தலை புலால் நாறியது என்பதை ஔவையார் எழுதாமல் விட்டிருந்தால் அதியமானின் பெருமைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் அந்தக் கை போய்விட்டது, அதன் மணம் தெரிந்த ஆள் தான் மட்டுமே. தானும் போய்விட்டால் அதுவும் போய்விடும். அதனால் பாடினார்.

எழுதத் தூண்டுவது இதுதான் என்பது என் எண்ணம். தன்னோடு சேர்ந்து அழிந்துவிடக்கூடிய ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற பதைப்பு. அது பெரிய விஷயமாக இருக்க வேண்டியதில்லை. பல நேரம் அது வேறு யாருக்கும் தேவைப்படாத ஒரு வரியாகத்தான் இருக்கும்.

பென்னாகரம் பக்கத்துக் கொத்தனார் ஒருவரின் நோட்டைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவரும் அப்படிப் போய் வந்தவர். சட்டைப்பையில் அடங்குகிற நோட்டு. வியர்வையில் நனைந்து காய்ந்து அட்டை உப்பியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் தேதி, எத்தனை ஆள், எத்தனை சித்தாள், கூலி, அட்வான்ஸ், பாக்கி. கணக்குத் தகராறு வந்தால் காட்டுவதற்காக வைத்திருந்தது. அதற்கிடையே ஒரு நாளுக்கு நேராகக் கூலி இருக்க வேண்டிய இடத்தில் "மழை. வேலை இல்லை. பையன் போன் செய்தான், அப்பா எப்ப வர்ற என்றான்" என்று எழுதியிருக்கிறது. இன்னொரு நாளில் "நாலாம் மாடி முடிந்தது. இங்கிருந்து பார்த்தால் ஏரி தெரியுது." இவையெல்லாம் மேஸ்திரிக்கோ முதலாளிக்கோ காட்ட வேண்டிய கணக்கில் வராது. "அண்ணா, இதை எதுக்கு எழுதினீங்க?" என்று கேட்டேன். "அன்னிக்கு அதானே நடந்துச்சு" என்றார். அவர் கட்டிய வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். அந்த நாலாம் மாடியிலிருந்து முதன்முதலில் ஏரியைப் பார்த்த ஆள் இவர் என்பதற்கு அந்த நோட்டைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய்ப் பாருங்கள். குறைதீர்க்கும் நாளுக்கு மனு எழுதிக் கொடுப்பவர்கள் மர நிழலில் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா, நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். இதுவும் ஒரு வாய்பாடுதான், நடுகல் மாதிரியே. ஒருமுறை முதியோர் உதவித்தொகைக்காக ஒரு பாட்டி மனு எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது, கைநாட்டு வைக்க வேண்டியதுதான் பாக்கி. "எங்க வூட்டுக்காரர் இருந்தவரைக்கும் நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்லைன்னு எழுது சாமி" என்றார். "பாட்டி, அதெல்லாம் ஆபீசுக்குத் தேவையில்லை" என்றார் எழுதுபவர். "பரவாயில்லை, எழுது" என்று விடாமல் நின்றார். அவரும் கடைசியில் அதை எழுதினார். அந்த மனுவில் பாட்டியின் எழுத்து என்று சொல்ல இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் படிவம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு வாச்சாத்தியைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று சொல்லிச் சித்தேரி மலை அடிவாரத்து அந்தக் கிராமத்துக்குள் அரசு ஊழியர்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. அப்படி எதுவும் நடக்கவில்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பள்ளிக்கூடமே எட்டாத பலர் தங்களுக்கு நடந்ததை வாயால் சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்துக்காரர்களும் வழக்கறிஞர்களும் அதை எழுதினார்கள். மனுவாக, வாக்குமூலமாக, சாட்சியமாகத் திரும்பத் திரும்பச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் யாரும் தங்களை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் எழுத்து எதற்காக இருக்கிறது என்பதை இந்த மாவட்டத்தில் அவர்களைவிட அறிந்தவர்கள் இல்லை. இல்லவே இல்லை என்று மறுக்கப்பட்டதை இருந்தது என்று நிறுவுவதற்காக அவர்கள் முப்பது வருடம் நின்றார்கள்.

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடத்துக்கு நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். மேடையில் பேசியதற்காகத்தான் 1908இல் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். 1912இல் தொழுநோயோடு வெளியே வந்தார். அடுத்த வருடமே 'ஞானபாநு' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். பாரதி புதுச்சேரியில் முடங்கியிருந்த காலம் அது, அவருடைய எழுத்தும் அதில் வந்தது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று அவரைத் தடுத்தார்கள். நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். அந்த உடம்போடு அவர் பத்திரிகைக்கு உட்கார்ந்து எழுதியதைப் புகழாசை என்று யாராவது சொல்ல முடியுமா?

மனப்பாரம் குறைய எழுதுகிறோம் என்பவர்களும் உண்டு. அதுவும் பொய்யில்லை. 1986இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், மாணவர்களைத் தினம் கால் மணி நேரம் வீதம் நான்கு நாள் தங்கள் வாழ்க்கையின் மோசமான அனுபவத்தை எழுத வைத்துப் பார்த்தார். மனதில் பட்டதையும் நடந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் சிறியதாகவே தெரிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுதிக் கிழித்துப் போட்டால்கூட இந்தப் பலன் கிடைக்கும். நான் பேசுவது, கிழித்துப் போட மனசு வராமல் வைத்துக்கொள்கிறோமே, அந்த எழுத்தைப் பற்றி.

சரி, எழுத ஆசை இருந்தும் ஏன் பலர் எழுதுவதில்லை? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது, 68.5 சதவீதம். அந்த எண்ணுக்குள் ஒரு கூச்சம் ஒளிந்திருக்கிறது. எழுதத் தெரிந்தவர்களுக்கும் அந்தக் கூச்சம் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் எழுதுகிற பிள்ளைகள் நிறைய. வீட்டில் நடந்ததை வீட்டுப் பேச்சிலேயே எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுகிறார்கள். நம் தருமபுரிப் பிள்ளை பேசுகிறபடி எழுதினாலும் அதே கதிதான். ஆசிரியர்கள் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், உரிமையோடு கேட்கிறேன். பிழை திருத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பிள்ளை தேவைக்கு மேல் எழுதியிருக்கிற ஒரு வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். "எங்கள் ஊர்" என்ற கட்டுரையில் பத்து வரி பாடப்புத்தகத்திலிருந்து வந்திருக்கும். பதினோராவது வரியில் "எங்கள் ஊர் கிணற்றில் என் அத்தையின் கம்மல் விழுந்து கிடக்கிறது" என்று இருக்கும். அதற்கு ஒரு டிக் போடுங்கள்.

எதை எழுதுவது என்று கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். ஒன்று சொல்கிறேன். நம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பாறையிலிருந்து வருவது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம்தான் எல்லை. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்தால் முளைக்கிற பல்லே பழுதோடு முளைக்கும், பிறகு பழுப்புக் கறை ஏறும். தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. எத்தனை குடியிருப்பு, எத்தனை கிலோமீட்டர் குழாய், எத்தனை கோடி என்பதெல்லாம் அறிக்கைகளில் இருக்கிறது. அதற்கு முன்னால் இங்கே வளர்ந்தவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். கல்யாண போட்டோவில் உதட்டை மூடிக்கொண்டு நிற்பார்கள். வெளியூரில் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய், புகையிலை போடுவாயா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். இது எந்த அறிக்கையிலும் இல்லை. இப்போது குழாய்த் தண்ணீர் குடித்து வளரும் குழந்தைகளுக்கு இது தெரியாமலே போகும். தெரிந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள், எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நாலு பக்கம் எழுதுங்கள். பேச்சுத் தமிழிலேயே எழுதுங்கள். எழுதி இந்த நூலகத்தில் கொடுத்து வையுங்கள், அடுத்த முறை வரும்போது வாங்கிப் படிக்கிறேன்.

கேள்வி இருந்தால் இப்போது கேட்கலாம். பின்வரிசையில் ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார், அவரிடம் முதலில் மைக்கைக் கொடுங்கள்.