எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்குது

வணக்கம். ரேடியோவில் முகம் தெரியாத ஒரு குரலாக உங்கள் குசினிக்குள் வந்து, ஆள் இல்லாமல் கேட்கிற குரல்களைப் பற்றியே கதைப்பது எனக்கே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சரி, விசயத்துக்கு வருவோம்.

முதலில் ஒன்று. பின்னேரம் படலை திறக்கிற சத்தம், இல்லாமல் போன பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல்... 2009க்குப் பிறகு வன்னியில் எத்தனை வீடுகளில் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது விசர் இல்லை. வேல்ஸில் டூவி ரீஸ் என்ற வைத்தியர் துணையை இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் எழுதினார், ஏறக்குறையப் பாதிப் பேர் போனவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. மாங்குளம் பக்கம் ஒரு பொடியன், கிணற்றடியில் முகம் கழுவினால் 'இப்ப முகம் கழுவுறான் பார்' என்று ஒரு குரல், அதற்கு இன்னொன்று சிரிக்கும். "இந்த யோசனை என்ரை இல்லை, ஆரோ உள்ளுக்கு வைச்சிட்டினம்" என்றான். செய்வினை என்று தாய் மூன்று இடத்தில் நூல் கட்டியதில் ஒரு வருசம் போய்விட்டது. அவவைக் குறை சொல்ல மாட்டேன், நானும் கட்டியிருப்பேன்.

உங்களுக்கு நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டிப் பாருங்கள், வராது. கை அசையும்போதே 'இது என் வேலை' என்று மூளை தனக்கே சொல்லிவிடுகிறது. மனதுக்குள் நாம் பேசுகிற பேச்சுக்கும் அப்படி ஒரு அறிவிப்பு உண்டு, அது தவறினால் சொந்தப் பேச்சே அந்நியக் குரலாகக் கேட்கும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 1990களில் லண்டனில், குரல் கேட்கும் நேரத்தில் மூளையைப் படம்பிடித்தபோது பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதி வேலை செய்துகொண்டிருந்தது.

அதனால் 'அப்படி ஒன்றும் இல்லை' என்று சண்டை பிடிக்காதீர்கள், எனக்கும் கேட்குது என்று பொய்யும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்குது, என்ன சொல்லுது தம்பி?" அவ்வளவுதான். செத்துப் போ, அவனை வெட்டு என்று சொல்லுதென்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொலைபேசியில் கதைக்க 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

பொடியன் இப்போது மருந்தில். குரல் முற்றாகப் போகவில்லை, வந்தால் வாய்க்குள் தேவாரம் முணுமுணுப்பானாம், நாக்குக்கு வேலை இருந்தால் அதுகள் அடங்குதாம். ரேடியோவில் கதைக்கப் போகிறேன் என்றேன். "என்ரை பேரைச் சொல்லிப்போடாதேங்கோ, பிறகு ரேடியோவும் என்னைப் பற்றிக் கதைக்குது எண்டு துவங்கிடுவன்" என்று சிரித்தான்.