கனடா கீதத்தில் இரண்டு சொல்லை மாற்றிய எம்.பி.

அடுத்த கேள்வி ஸ்கார்பரோவிலிருந்து ஒரு அம்மா அனுப்பியது. 2014-இல் குடியுரிமை வாங்கியபோது அவர் மனப்பாடம் செய்த ‘ஓ கனடா’வில் ஒரு வரியை, பள்ளிக்கூடம் போகும் மகள் வேறு மாதிரி பாடுகிறாளாம். “நீங்க தப்பாப் பாடுறீங்கம்மா” என்று திருத்தவும் செய்கிறாளாம். ‘இதை மாற்றியது பிரதமரா? நான் பழையபடி பாடினால் குற்றமா?’ என்று கேட்கிறார்.

அம்மா, நீங்கள் பாடுவது ‘இன் ஆல் தை சன்ஸ் கமாண்ட்’. உங்கள் மகள் பாடுவது ‘இன் ஆல் ஆஃப் அஸ் கமாண்ட்’. அதாவது, ‘உன் மைந்தர்கள்’ போய் ‘நாம் எல்லோரும்’ வந்திருக்கிறது. மாற்றியது பிரதமர் இல்லை. மொரில் பெலாஞ்சே என்ற எம்.பி. ஒட்டாவா-வானியே தொகுதியில் 1995 இடைத்தேர்தலில் ஜெயித்தவர், லிபரல் கட்சி. அதன்பிறகு சாகும்வரை அந்தத் தொகுதி அவர் கையை விட்டுப் போகவில்லை. பிரதமர் பால் மார்ட்டின் அரசில் ஆட்சிமொழிகள் துறை அவரிடம் இருந்தது. ஒட்டாவாவில் மோன்ஃபோர் என்ற பிரெஞ்சு மொழி மருத்துவமனையை 1997-இல் மூடப் பார்த்தார்கள். அதைக் காப்பாற்றப் போராடியவர்களில் இவரும் ஒருவர். கூட்டுறவு சங்கங்கள், ஆப்பிரிக்க நாடுகளோடு உறவு என்று தலைப்புச் செய்தியில் வராத வேலைகளும் நிறையச் செய்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் தாய்மொழி பிரெஞ்சு. பிரெஞ்சில் இருக்கும் கீதம் 1880-இல் எழுதியது, அதில் ‘மைந்தர்கள்’ பிரச்சினையே கிடையாது. வாளும் சிலுவையும் ஏந்தும் கை என்று ஒரு வரி அதில் இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை, அது வேறு கதை. ஆக, தன் மொழியில் இல்லாத ஒரு வரிக்காக இந்த மனிதர் மல்லுக்கட்டினார்.

‘பாரம்பரியத்தை மாற்றலாமா?’ என்று அப்போது பெரிய சத்தம். முதல் உலகப் போரில் செத்த வீரர்களுக்கான மரியாதை அந்தச் சொல் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் நீதிபதி ராபர்ட் ஸ்டான்லி வீர் 1908-இல் ஆங்கிலத்தில் எழுதியபோது ‘மைந்தர்கள்’ இல்லை, ‘இன் அஸ்’ என்றுதான் இருந்தது. 1913-இல்தான் மாறியது. போர் தொடங்கியது 1914-இல். கணக்கு உதைக்கிறது, இல்லையா? பிரதமர் ஹார்ப்பரின் கன்சர்வேட்டிவ் அரசும் 2010-இல் இந்த வரியைப் பரிசீலிக்கலாம் என்று ஆளுநர் உரையில் வைத்துவிட்டு, கண்டனம் கிளம்பியதும் இரண்டே நாளில் கைவிட்டது.

பெலாஞ்சேயின் முதல் மசோதா 2015 ஏப்ரலில் தோற்றது. அக்டோபர் தேர்தலில் அவர் மறுபடி ஜெயித்தார், சபாநாயகர் பதவிக்கும் குறி வைத்திருந்தார். அடுத்த மாதமே ஏ.எல்.எஸ். என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நரம்பு தளர்ந்து, தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய். முதலில் போனது குரல்.

2016 மார்ச் 9-ஆம் தேதி வீடியோவை முடிந்தால் தேடிப் பாருங்கள். ஒருநாள் கௌரவ சபாநாயகராக அவரை உட்காரவைத்தார்கள். கறுப்பு அங்கி, மூன்று முனைத் தொப்பி. நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து அவைக்குள் வருகிறார். பேசுவது அவரில்லை, கையிலிருக்கும் ஐபேட். அவர் தட்டச்சு செய்ததை அந்த இயந்திரக் குரல் படிக்கிறது. எல்லாக் கட்சிக்காரர்களும் எழுந்து நிற்கிறார்கள்.

எழுந்து நின்றார்கள் சரி, அவர் மறுபடி கொண்டுவந்த மசோதாவுக்கு வழி விட்டார்களா என்றால், அங்கேதான் சிக்கல். அமைச்சர் அல்லாத எம்.பி. கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்குக் குலுக்கலில்தான் முறை வரும். முதல் மணி நேர விவாதம் முடிந்ததும் மசோதா வரிசையின் கடைசிக்குப் போய்விடும். நோயாளிக்கு அத்தனை நாள் இல்லை. அப்போது ஆளுங்கட்சியாகிவிட்ட லிபரல் விரைவுபடுத்தக் கேட்டது, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் லிண்டா லபுவாந்த் என்ற சக லிபரல் எம்.பி. தன் முறையை அவருக்கு விட்டுக்கொடுத்தார். தனிநபர் மசோதா வைத்திருக்கிறவருக்கு அந்த முறை எவ்வளவு பெரிய சொத்து தெரியுமா? சிலருக்குப் பதவிக்காலம் முழுக்கக் காத்திருந்தாலும் கிடைக்காது.

ஜூன் 15-இல் 225-க்கு 74 என்ற கணக்கில் கீழவையில் நிறைவேறியது. சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்த்தார். ஆகஸ்ட் 16-இல் இறந்துவிட்டார், வயது 61. மசோதா மேலவையான செனட்டில் ஒன்றரை வருடம் கிடந்தது. எதிர்ப்பாளர்கள் இழுத்துக்கொண்டே போனார்கள். 2018 ஜனவரி 31-இல் விவாதத்தை முடித்து நிறைவேற்றியபோது கன்சர்வேட்டிவ் செனட்டர்கள் புறக்கணித்தார்கள். பொதுமக்களிடம் கேட்காமல் கீதத்தில் கைவைக்கலாமா என்ற அவர்கள் கேள்வியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன், நியாயமான கேள்விதான். ஆனால் 1913-இல் யாரும் யாரையும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பிப்ரவரி 7-இல் ஒப்புதல் கிடைத்துச் சட்டமானது. நீங்கள் 2014-இல் பாடியது அன்றைய சட்டப்படி சரியான வரிதான். இதை மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி, குற்றமா என்ற கேள்வி. இல்லை அம்மா. தேசிய கீதச் சட்டம் வரிகளை அட்டவணையில் கொடுக்கிறது, அவ்வளவுதான். மாற்றிப் பாடினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. ஹாக்கி மைதானத்தில் இன்றைக்கும் பக்கத்து இருக்கைக்காரர் ‘சன்ஸ்’ என்று பாடுவது காதில் விழும். உங்கள் மகளிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

சரி, அடுத்த கேள்வி.