பழைய கழிவு அணையைச் சோதிப்பவர் யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

தாதுவை வெட்டியெடுத்து, மாவாக அரைத்து, அதிலுள்ள உலோகத்தைப் பிரித்த பின் மிஞ்சுவது நீரோடு கலந்த நுண்ணிய கழிவுச் சேறு. பல செம்புச் சுரங்கங்களில் நூறு டன் தாதுவை அரைத்தால் ஒரு டன் உலோகம்கூடக் கிடைப்பதில்லை, மீதியெல்லாம் சேறுதான். அதைத் தேக்கி வைக்கும் கரையைக் கழிவு அணை என்கிறோம். நீர்த்தேக்க அணையை முதலில் முழுமையாகக் கட்டிவிட்டுப் பிறகு நீரைத் தேக்குவார்கள். கழிவு அணையோ சேறு நிறைய நிறைய, பல பத்தாண்டுகளில், அடுக்கடுக்காக உயர்த்தப்படுவது. அதைத் தொடங்கிய பொறியாளரும் கடைசி அடுக்கை எழுப்புபவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்க மாட்டார்கள். இடையில் நிறுவனமே கைமாறியிருக்கும், பழைய வரைபடங்கள் காணாமல் போயிருக்கும்.

இவ்வாறு உயர்த்துவதில் செலவு மிகக் குறைந்த முறை ஒன்று உண்டு. ஏற்கெனவே தேங்கிய சேற்றின் மேலேயே, உள்பக்கமாக நகர்த்தி, அடுத்த கரையை எழுப்புவார்கள். அப்போது கரையைத் தாங்கும் அடித்தளமே கழிவாகிவிடுகிறது. அந்தக் கழிவு வடிந்து இறுகியிருந்தால் தாங்கும். நீர் நிறைந்து தளர்வாக இருந்தால், கழிவுத் துகள்களுக்கு இடையே உள்ள நீரின் அழுத்தம் ஏதோ ஒரு காரணத்தால் கூடியதும், திடமாகத் தெரிந்தது நொடிகளில் குழம்பாகி ஓடிவிடும். 1965ஆம் ஆண்டு சிலியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் எல் கோப்ரே என்ற இடத்திலிருந்த கழிவு அணைகள் அப்படித்தான் உடைந்தன. ஆனால் இதற்கு நிலநடுக்கம்தான் வேண்டும் என்பதில்லை.

பிரேசிலின் புருமாதின்யோவில் இருந்த இரும்புத் தாதுக் கழிவு அணை 1976இல் தொடங்கிப் படிப்படியாக 86 மீட்டர் உயரம் வரை வளர்ந்தது. 2016க்குப் பிறகு அதில் புதிதாகச் சேறு கொட்டப்படவே இல்லை. புல் முளைத்த அந்தச் சரிவைப் பார்த்தால் யாருக்கும் அச்சம் தோன்றியிருக்காது. 2019 ஜனவரி 25 அன்று, நண்பகல் உணவு வேளையில், அதன் முகப்பு பத்து நொடிகளுக்குள் சரிந்தது. ஏறத்தாழ 97 இலட்சம் கன மீட்டர் கழிவு ஐந்து நிமிடங்களுக்குள் வெளியேறியது. 270 பேர் இறந்தனர். அணைக்கு நேர் கீழேதான் தொழிலாளர்களின் உணவுக்கூடம் இருந்தது. எச்சரிக்கைச் சங்கு ஒலிக்கவில்லை.

கொட்டுவதை நிறுத்திவிட்டால் அணை தானாகவே பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கையை அந்த நாள் பொய்யாக்கியது. விசாரித்த நிபுணர் குழு, அணைக்குள் வடியாமல் நின்ற நீரையும், செங்குத்தான சரிவையும், வலுவான மழையையும் காரணங்களாகக் குறிப்பிட்டது. வடிகால் வழி போதாவிட்டால், மேலே காய்ந்து கிடந்தாலும் உள்ளே நீர்மட்டம் இறங்காது. ஆகவே முதுமையடைந்த அணையில் நான் முதலில் கேட்பது அதன் உயரத்தையோ கொள்ளளவையோ அல்ல. உள்ளே நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, அதை அளக்கும் பீசோமீட்டர்கள் உயிரோடு இருக்கின்றனவா, அடிவாரத்தில் கசியும் நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்பவற்றையே கேட்பேன். கலங்கல் நீர் என்றால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். நன்றாகக் கசிந்துகொண்டிருந்த வடிகால் திடீரென நின்றுவிட்டாலும் மகிழக் கூடாது, அது அடைபட்டிருக்கலாம்.

ஆனால் அளவீடு மட்டும் அணையைக் காப்பதில்லை. புருமாதின்யோவில் கருவிகள் ஏராளமாக இருந்தன. அணை உடைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2018இல், அது நிலையாக உள்ளது என்ற சான்றிதழிலும் கையெழுத்து இடப்பட்டிருந்தது. அந்தச் சான்று அளித்த வெளி ஆய்வு நிறுவனத்தை அமர்த்தியதும் அதற்குக் கட்டணம் செலுத்தியதும் சுரங்க நிறுவனமே.

இதே குறையை இன்னும் தெளிவாகக் காட்டுவது இத்தாலியின் ஸ்டாவா பள்ளத்தாக்கு. அங்கிருந்த ஃபுளோரைட் சுரங்கத்தின் கழிவுக் கரைகள் பாதுகாப்பானவைதாமா என்று 1974இல் உள்ளூர் நகராட்சி அரசுத் துறையிடம் கேட்டது. சோதிக்கும் பொறுப்பை அந்தத் துறை சுரங்கத்தை நடத்திய நிறுவனத்திடமே ஒப்படைத்தது. மக்கள் சரியான கேள்வியைச் சரியான நேரத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வி, யாரைப் பற்றிக் கேட்கப்பட்டதோ அவர்களிடமே திரும்பிப் போனது. இந்தச் செய்தியை எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஆறுவதில்லை. 1985 ஜூலை 19 அன்று மேல் கரை உடைந்து கீழ்க் கரையின்மீது விழ, இரண்டும் சேர்ந்து பள்ளத்தாக்கில் பாய்ந்தன. 268 பேர் மடிந்தனர்.

2020 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டமும், சுரங்க நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும், பொறுப்புள்ள முதலீட்டாளர்களின் அமைப்பும் இணைந்து கழிவு மேலாண்மைக்கான உலகத் தரநிலையை வெளியிட்டன. அதன் 77 விதிகளில் எனக்கு முக்கியமாகப் படுபவை: ஒவ்வொரு அணைக்கும் பெயர் சொல்லத்தக்க ஒரு பொறுப்புப் பொறியாளர் இருக்க வேண்டும், நிறுவனத்தின் உச்சியில் இருக்கும் ஓர் அதிகாரி அணைக்குப் பதில் சொல்ல வேண்டும், நிறுவனத்தைச் சாராத நிபுணர்கள் மறுஆய்வு செய்ய வேண்டும். ஆயினும் அது தானாக எந்த நாட்டின் சட்டமும் ஆகிவிடாது. ஆய்வாளருக்கான ஊதியம் ஒழுங்குமுறை அமைப்பின் வழியாகப் போக வேண்டும், அவரை மாற்றும் உரிமை அணையின் உரிமையாளரிடம் இருக்கக் கூடாது என்று அரசுகளே விதிக்க வேண்டும். சுரங்கம் தொடங்கும் முன்பே, மூடிய பிறகான பராமரிப்புக்குரிய பணத்தைப் பிணையாகப் பெற்றுவிட வேண்டும். நிறுவனம் கலைந்துபோன பின் கேட்க ஆள் இருக்காது, அணை மட்டும் நிற்கும்.

அணைக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கோ, கரை உடைந்தால் சேறு எந்த வழியாக, எத்தனை நிமிடங்களில் தங்கள் வாசலை அடையும் என்று காட்டும் வரைபடம் இன்றே கையில் இருக்க வேண்டும். கடைசியாக எடுத்த நீர்மட்ட அளவும் அதை எடுத்த தேதியும் அவர்கள் கேட்டவுடன் கிடைக்க வேண்டும்.